ஜிம்மி சாப்பிட ஒரு சொல்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. பத்மநாபபுரத்தில், அரண்மனை பார்க்க வருகிறவர்களின் வண்டிகள் நுழையாத ஒரு சின்ன முடுக்கில் என் வீடு. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவும் நானுமாகத்தான் இருந்தோம். அதற்கு முந்தின வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தனியாக இருப்பது போகப்போகப் பழகிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஒருத்தரும் தனியாக இருந்ததில்லை. காலையில் மீன்காரியிடம் நாலு வார்த்தை பேசினால் உண்டு. மழையில் மீன் வராத நாட்களில் அதுவும் கிடையாது. ரீசார்ஜ் முடியப் போகிறது என்று கைபேசியில் ஒரு பெண் சொல்வாளே, அந்தப் பதிவுக் குரலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ‘சுகம்தானே டீச்சர்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் பைக்கில் ஏறிப் போயிருப்பார்கள்.

என்னிடம் படித்த ஒருத்திதான் என் நிலைமையைப் பார்த்து, நாற்பத்தைந்து நாள் வயதான ஒரு நாட்டு நாய்க்குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். ஜிம்மி என்று பேர் வைத்தேன்.

பழக்குவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்தவள்! ஜிம்மிக்கும் கால அட்டவணை போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். தூங்கி எழுந்ததும் முற்றம், சாப்பிட்டதும் முற்றம். ஒரு வாரத்தில் அதுவே வாசற்படியில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. சர்ச்சுக்குப் போட்டுப் போகிற செருப்பில் ஒரு சோடியைத் தின்று தீர்த்தது. அதை மன்னித்துவிட்டேன். அடிக்கவில்லை. மர ஸ்கேலால் தரையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். நாலு வீடு தள்ளி, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டில் அந்தச் சமயம் திருட்டுப் போயிருந்தது. நாய்க்கு மயக்க மருந்து தடவிய பிஸ்கட் போட்டுவிட்டு உள்ளே போனார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, ஜிம்மி என் கையைத் தவிர யார் கையிலும், தரையில் கிடந்தாலும், எதையும் தின்னக் கூடாது என்று முடிவு கட்டினேன். என் கையில் இருந்தாலும் நான் ஒரு சொல் சொன்ன பிறகுதான் வாய் வைக்க வேண்டும். ‘சாப்பிடு’ என்று வைத்தால் திருடனும் சொல்வான். அதனால் எந்தத் திருடனும் நாயைப் பார்த்துச் சொல்லாத சொல்லாக ஒன்று வைத்தேன்.

மீன்காரியைத்தான் பரீட்சைக்குக் கூப்பிட்டேன். அவள் சாளைத் தலையை நீட்டுவாள், ஜிம்மி தாவும், நான் ஸ்கேலால் தரையைத் தட்டுவேன். மூன்று வாரத்தில், மீன் தலையை மூக்குக்கு நேரே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீன்காரிக்குத்தான் கோபம்.

“என்ன டீச்சரே, பச்சப்பிள்ளைய இப்பிடிப் பட்டினி போட்டா பழக்குதிய? பாவம் கிட்டும் உங்களுக்கு,” என்றாள்.

“உன் சோலியப் பாரு,” என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். திருட்டுப் பயம் பாதிதான். உலகத்தில் ஒரு சீவனாவது என்னை மட்டும் நம்பி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அது பேராசை என்று அப்போது தோன்றவில்லை.

இப்போது அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். மதில் ஒன்றுதான் நடுவில். எங்கள் சக்கைப் பலா மரத்தின் ஒரு கிளை அவர்கள் பக்கம் நீண்டிருந்தது. மாடி கட்டும்போது என்னைக் கேட்காமல் அதை வெட்டிவிட்டார்கள். நான் மதிலருகே நின்று வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அம்மா இறந்த அன்று அவள் ஒரு ஃபிளாஸ்க்கில் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து, தம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நீட்டிய கையோடு நின்றுவிட்டுப் போனாள்.

ஜிம்மிக்கு ஐந்து மாதம் ஆனபோதுதான் நான் விழுந்தேன். காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி, கால் மடங்கி, எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். கூப்பிட ஒரு பேர் வாயில் வரவில்லை. அந்த ஒரு நிமிடம் வலியைவிடக் கொடுமையாக இருந்தது. கடைசியில் பேரில்லாமல் வெறுமனே அலறினேன்.

அடுத்த வீட்டுக்காரிதான் ஈரக் கையோடு ஓடிவந்தாள். “அல்லாவே! டீச்சரே, அனங்காதீங்க, அப்பிடியே கிடங்க,” என்று சொல்லி, ஆட்டோ பிடித்து, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே சீட்டு எழுதுகிற பெண், “கூட யாரு இருக்கா?” என்று கேட்டாள். 

“நான் உண்டு. எழுதுங்க,” என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

சாயங்காலம் மார்த்தாண்டத்திலிருந்து என் சித்தி மகள் வந்து சேர்ந்த பிறகு, அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் சாவியைக் கொடுத்து, “ஜிம்மிக்குச் சோறு...” என்று மட்டும் சொன்னேன். “நான் பாத்துக்கிடுகேன், விசாரப்படாதீங்க,” என்றாள். மறுநாள் காலில் ஆபரேஷன். மருந்து மயக்கத்தில் எனக்கு வேறொன்றும் நினைவில்லை.

மூன்றாம் நாள் காலை அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

“டீச்சரே, உங்களுக்க பட்டிக்குட்டி ஒண்ணும் திங்க மாட்டேங்கு. சோறு வச்சேன், பாலு வச்சேன், நேத்து கோழி வரை வச்சுப் பாத்தேன். தண்ணி மட்டும் குடிக்கு. நீங்க விழுந்த கல்லுக்கிட்டயே கிடக்கு, விளிச்சா தலையத் தூக்கல்ல. மஞ்சத் தண்ணியா வாயால சர்த்திச்சிருக்கு, கேட்டியளா.”

 அது சோகத்தில் கிடக்கிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அல்லவா தெரியும்! கண் முன்னே கோழியை வைத்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அது மூன்று நாளாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

“கீழே வைத்தால் தின்னாது. கையில் வைத்துக் கொடுக்கணும்,” என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. அவர்கள் முஸ்லிம்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் இது தெரியும்.

 “சரி, டீச்சரே,” என்றாள் அவள்.

அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். “கையிலயும் திங்கல்ல. எனக்க கைய மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டு.”

அப்போதும் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஃபோனை அதன் காதுகிட்ட வை, நான் கூப்பிடுகிறேன்,” என்றேன். வார்டில் இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் ஃபோனைப் பொத்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னேன். ஜிம்மி எழுந்து, ஃபோனைச் சுற்றிச் சுற்றி வந்து, வாசல் வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டதாம். “பாவம், இந்தக் குட்டி செத்துப் போவும்போல இருக்கு டீச்சரே,” என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

இனி மானத்தைப் பார்த்தால் நாய் மிஞ்சாது. “நீ ஒரு சொல் சொல்லணும். அதைச் சொன்னால்தான் அது தின்னும்,” என்றேன்.

“என்ன சொல்லு?”

மெல்லச் சொன்னேன்.

“கேக்கல்ல டீச்சரே.”

“சக்கரக்குட்டி!” என்று கத்தியேவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

 அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“இது உங்க அம்மா உங்கள விளிக்கிற பேருல்லா?”

 ஆமாம், அதுதான். ஊருக்கே கண்டிப்பான டீச்சர், ஐம்பத்தெட்டு வயதிலும் அம்மாவுக்கு நான் சர்க்கரைக் கட்டி, சக்கரக்குட்டி. ‘சக்கரக்குட்டீ, சாயா ஆறுது’ என்று சாகிற வாரம் வரை கூப்பிட்டாள். அவள் போன பிறகு அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை. என்னை நானே அப்படிக் கூப்பிட்டுக்கொள்ள முடியுமா? அதனால்தான் நாய்க்கு அதைப் பாடமாக வைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது, அடுக்களைக்குள் மெதுவாகவாவது, அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்கட்டும் என்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

“அம்மா இருக்கும்பம் தினமும் மதிலுக்கு இந்தப் பக்கம் கேக்குமே டீச்சரே,” என்றாள் அவள். “காலைல அந்த விளி கேட்டுத்தான் நான் அடுப்பு பத்த வைப்பேன். அம்மா போனதுக்குப் பொறவு அது கேக்காம எனக்கே என்னமோபோல இருக்கு.”

பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, ஜிம்மியிடம் சொன்னாள். முதல் தடவை கூச்சத்தோடு. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் தடவை, அம்மா கூப்பிடுகிற மாதிரியே கடைசியில் இழுத்து, “சக்கரக்குட்டீ...”

ஜிம்மி அவள் கையை நக்கி நக்கித் தின்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வார்டு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன். என் சித்தி மகள் கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குழாயடி தெரிந்தது. குழாயின் பக்கத்தில் ஒரு சிரட்டை நிறைய மண். மழையில் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு ஓட்டுத் துண்டு மூடி வைத்திருந்தாள். இந்த மழைக் குளிரில், ஒவ்வொரு வேளையும் நாய்க்குக் கையில் ஊட்டிவிட்டு, வந்து ஏழு தடவை கழுவியிருக்கிறாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

“உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திவிட்டேன்,” என்றேன்.

“அதுல என்ன கஷ்டம் டீச்சரே? அதும் படச்சவனுக்க உயிருதானே. கழுவினா தீந்துது.” சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு தம்ளரில் கட்டன்சாயா கொண்டுவந்து மதிலுக்கு மேலாக நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். அம்மா இறந்த அன்றைக்கே குடித்திருக்க வேண்டியது அது.

அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். யார் கையிலும் எதுவும் வாங்காதே என்று அந்தக் குட்டிக்கு நான் சொல்லிக் கொடுத்தது திருட்டுக்குப் பயந்த பாடமே இல்லை. அது என் குணம். அது என்னோடு போகட்டும் என்று விடாமல், ஐந்து மாதக் குட்டிக்கும் கற்றுக் கொடுத்து, அதைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

பாடத்தை அழித்துத் திரும்ப எழுதுவது, எழுதுவதைவிடக் கஷ்டம். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. இப்போது ஜிம்மி மீன்காரியைப் பார்த்ததும் வாலாட்டிக்கொண்டு கூடைக்குள்ளேயே தலையை விடுகிறது. “பழைய படிப்பே நல்லா இருந்துது டீச்சரே!” என்று அவள் திட்டுகிறாள். திருடன் வந்தாலும் இப்படித்தான் வரவேற்கும் என்று நினைக்கிறேன். வரட்டும்.

இன்றும் வீட்டில் நானும் நாயும்தான். தனிமை எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் சில நாள் சாயங்காலம், மிஞ்சின அரிசிப் பத்திரியோ இறைச்சித் துண்டோ கையில் வைத்துக்கொண்டு, அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று “சக்கரக்குட்டீ...” என்று கூப்பிடுவாள். ஜிம்மி பாய்ந்து ஓடும். அடுக்களையில் நின்றுகொண்டிருக்கிற நானும் என்னை அறியாமல் திரும்பிப் பார்ப்பேன். அம்மாவோடு குழிக்குள் போய்விட்டது என்று நான் அழுத அந்தப் பேர், அத்தனை நாளும் நான் முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தியின் காதில் பத்திரமாக இருந்திருக்கிறது.