தண்ணீர் வந்தால் கூவும் பெட்டி

தாராவியில் எங்கள் கட்டடத்தின் கீழே எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருந்தவர், எந்த சர்க்யூட் போர்டைக் கொடுத்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கண்ணாடி நெற்றியில் இருக்கும். போர்டோ மூக்கைத் தொடும். குழாயில் தண்ணீர் வந்ததும் கூவுகிற சிறு பெட்டியொன்றை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று அதன் வரைபடத்தை இணையத்தில் வெளியிட்டிருந்தார். தம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

உல்லாஸ்நகர்க் கடையொன்றில் அதே பெட்டியைக் கண்டு வாங்கிவந்தேன்.

"அண்ணாச்சி, உங்க டிசைன். பேரைக்கூடப் போடாம விக்கிறாங்க."

திறந்து, திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கோட்டிக்காரப் பய! பழசைப் பாத்துல்லா அடிச்சிருக்கான். இது மழை ஈரத்துல கூவாதும்மா. போன மாசமே சரிபண்ணி நெட்டுல ஏத்திட்டேனே! எத்தனை வீட்டுல குழாயில பானி வந்தது தெரியாம தூங்குதாவளோ!"

"அப்போ உங்க பேரு?"

"அது கெடக்கட்டும்."

அன்றே திருத்திய போர்டுடன் உல்லாஸ்நகருக்கு ரயிலேறினார்.

மறுவாரம் அவர் மேசையில் அந்தக் கடையின் புதிய பெட்டி இருந்தது. மழை ஈரத்திலும் கூவுமாம். அப்போதும் அவர் பெயரில்லை.

"சுவத்துல மாட்டக் கொக்கி வச்சிருக்கான், பாத்தியா? நமக்குத் தோணலயே! நானும் காப்பி அடிச்சுட்டேன்."

இணையத்தில் அவருடைய புதிய வரைபடத்தைப் பார்த்தேன். கொக்கிக்கு நன்றி தெரிவித்து, உல்லாஸ்நகர்க் கடைக்காரரின் பெயரை முழுமையாகக் குறிப்பிட்டிருந்தார். அது பெருந்தன்மையா, குத்தலா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.