அழுகை பிரமாதம், மேடம்

"ஹீ இஸ் நாட் ஹிம்செல்ஃப்" என்றாள் தொலைபேசியில் ஓர் ஆங்கிலேயத் தாய். மகன் அவனாக இல்லையாம். இராஜபாளையத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த குழந்தை மருத்துவர் நான். "அப்படியென்றால் யாராக இருக்கிறான்?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை வழக்கம்போல் இல்லை, வாடிக்கிடக்கிறான் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாளே என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒருவர் பெற்றோராக நடித்து அழைப்பார். மற்றவர் மருத்துவராகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அம்மா சொல்வாள், மாமியார் திருத்துவாள், பக்கத்து வீட்டுக்காரர் மருந்தே எழுதிவிடுவார். இங்கே ஒரே குரல்தான்.

போன விடுமுறையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் தோழி நடத்தும் சிறிய மருத்துவமனையில் இளம் மருத்துவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தேன். "வெளியே போய் ஆஸ்பத்திரி நம்பருக்கு நான் அழைப்பேன். நிஜ அம்மான்னே நினைச்சுப் பேசு" என்று அவர்களில் ஒருத்தியான கார்த்திகாவிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. திரும்பி வந்தால், அவள் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

"காலையில இருந்து போகலையே டாக்டரம்மா. வயித்தால போயிக்கிட்டே இருக்கு. கண்ணத் தொறக்கவே மாட்டேங்கான்."

"உடனே தூக்கிட்டு வாங்க, ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க." பிறகு சிரித்தபடி, "அழுகை பிரமாதம், மேடம்!" என்றாள். நிமிர்ந்தவள் கதவருகே என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

பாய்ந்து ஃபோனை வாங்கி, "ஆட்டோ பிடிச்சு வாங்கம்மா" என்றேன்.

பக்கத்துச் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்தாள் அந்தத் தாய். எட்டு மாதப் பிள்ளை, கண்கள் குழிவிழுந்து துவண்டு கிடந்தான். நரம்பு அகப்படவில்லை. இரண்டாம் முறை ஊசியை ஏற்றினாள் கார்த்திகா. சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு பிள்ளை கண் திறந்து, கார்த்திகாவின் வெள்ளைக் கோட்டை நனைத்தான். வார்டே கைதட்டியது.

அப்போதுதான் தாய்க்குக் குரல் வந்தது. "பிள்ளைய வச்சு எவளாவது நடிப்பாளா?"

கார்த்திகாவின் கண்கள் என் பக்கம் திரும்பின. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேட்டாவ," என்றாள் தாய். "கடைசிப் பேச்ச மட்டும் பாடத்துல இருந்து எடுத்துருங்க."

இங்கிலாந்து திரும்பிய அன்று மருத்துவமனையில் முதல் அழைப்பு வந்தது. எடுத்ததும், "சொல்லுங்கம்மா" என்றேன்.

"சாரி?" என்றது ஒரு குரல்.

என் வாய் தமிழில் திறந்திருந்தது. கை, பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பேனாவோடு காத்திருந்தது.