கையில் லிஸ்ட், கண் முகத்தில்

புது ரப்பர் ட்யூப் வாசனை... இன்றைக்கும் எங்கே அடித்தாலும் எனக்குத் திண்டிவனம் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வரும்.

அப்போது நான் பயிருக்கு மருந்து அடிக்கிற ஒரு ஸ்பிரேயர் கம்பெனியில் டெமோ ஆள். விவசாயிகளைக் கூட்டி, மெஷினை முதுகில் மாட்டி, ரப்பர் ட்யூப் வழியாகத் தண்ணீர் அடித்துக் காட்ட வேண்டும்.

மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிப் பேசுய்யா. அப்பதான் வாங்குவாங்க." பேர்களை அவரே எழுதியும் கொடுப்பார்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம்.

அதனால் சீக்கிரமே போய் வாசலில் நிற்பேன். வருகிறவர் பேர் என்ன, எத்தனை காணி நிலம், என்ன பயிர்... எல்லாவற்றையும் கேட்டு முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். பிறகு லிஸ்ட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்து, "கோவிந்தண்ணே, உங்க மல்லாட்டைக்கு..." என்று நிலக்கடலை போட்டவரிடம் ஆரம்பிப்பேன்.

அன்றைக்குத் திண்டிவனத்தில் ஒருவர் லேட்டாக வந்து பின்னால் உட்கார்ந்தார். கடைசியில் எழுந்துவிட்டார்.

"எல்லாரையும் கூப்ட்டுக்கினே வந்த. நான் மட்டும் ஆளா தெரியலியா? எம் பேரு லிஸ்ட்டுல இருக்குதா இல்லியா, பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். என்னத்தைப் பார்ப்பது? மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார்.

முன்வரிசையில் இருந்த கோவிந்தண்ணன் சிரித்துவிட்டார். "யோவ், அந்த ஆளு அப்போலேர்ந்து லிஸ்ட்டைத் தலைகீழா புடிச்சிக்கினு இருக்கிறாரு. ஆனா ஒரு பேரு தப்பலியே!"

மண்டபமே சிரித்தது.

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். "நாலு வருஷமா கை வலிக்க எழுதுனேனே... எல்லாம் வெட்டி வேலைதானா?" என்றார். பிறகு அவரும் சிரித்தார். வேலை போகாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோபமாக எழுந்தவர் கிட்டே வந்தார். "எம் பேரு ஏழுமலை. மனசுல எழுதிக்க." அன்றைக்கு முதல் ஸ்பிரேயர் வாங்கியவர் அவர்தான்.

போன மாதம் விழுப்புரத்தில் மருந்து தெளிக்கிற ட்ரோன் டெமோ. நானும், அன்றிலிருந்து சிநேகிதராகிவிட்ட ஏழுமலையும் ஒன்றாகப் போனோம். எல்லார் கழுத்திலும் பேர் எழுதின கார்டு. டெமோ காட்டிய தம்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் கார்டைப் பார்த்து, "ஏழுமலை ஐயா, சொல்லுங்க" என்றார்.

இந்த வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறேன். குனிந்து பார்த்தேன். ஏ... ழு... ம... லை. அட, கார்டு மாறிப்போயிருக்கிறது! நானே படித்துக் கண்டுபிடித்தேன். இத்தனை வருஷம் மனசில் இருந்த பேரை அன்றைக்குத்தான் எழுத்தில் பார்த்தேன்.

தம்பியிடம் சொல்லவே தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த ஏழுமலையிடம் காட்டினேன்.

"அன்னிக்கு எம் பேரைத் தேடிக்கினே நின்ன" என்றார் ஏழுமலை. "இன்னிக்குப் பாரு, உன் கழுத்துலயே தொங்குது."