மறுப்புச் சொல்ல மூன்று நாள்

எங்கள் திறமூல மென்பொருள் சமூகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு யோசனையை மடல் குழுவில் வைத்தால் மூன்று நாள் காத்திருப்போம். யாரும் காரணத்தோடு மறுக்காவிட்டால் அது நிறைவேறியது என்று அர்த்தம். கை தூக்க வேண்டாம், வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

அந்தத் திங்கள்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஒரு மடல் வந்தது. கையேட்டுக் குழுவின் தலைவர் தான் விலகுவதாகவும், தன் இடத்துக்கு எங்கள் குழுவில் விழிஞ்ஞத்திலிருந்து வரும் பெண்ணை முன்மொழிவதாகவும் எழுதியிருந்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன், எதையும் நாள், மணியோடு குறித்து வைப்பவன் நான். வியாழன் காலை பதினொன்று பத்து வரை அவகாசம்.

நாங்கள் உருவாக்குவது, சொந்தக் கணினிகளைக் கொண்டு கிளவுட் அமைத்துக்கொள்ள உதவும் மென்பொருள். அதன் கையேட்டில் பாதிக்கு மேல் நான் எழுதியது. அவள் வந்து இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. வந்த முதல் மாதமே, என் பக்கங்களில் புதியவர்கள் எங்கெங்கே இடறுகிறார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டினாள். நன்றி சொன்னேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மாதம் ஒருமுறை பழவங்காடியில் ஒரு மாடி அறையில் கூடுவோம். முன்பு ஐந்தாறு பேர், ஆளுக்கொரு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் வந்தபின் நாற்காலி போதவில்லை. யாராவது சந்தேகம் கேட்டால் நான் கையேட்டின் சுட்டியை அனுப்புவேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்காருவாள். போன கூட்டத்தில் ஒருவர் என்னைக் காட்டி, "இந்தச் சேட்டன் ஆரு, புதுசா?" என்று அவளிடமே கேட்டார்.

"ஐயோ, நீங்க படிக்கிறதெல்லாம் சேட்டன் எழுதினதாக்கும்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுக்கக் காரணம் வேண்டுமே. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவள் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டளைகளை வரிவரியாக என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். செவ்வாய் மாலை காபியோடு வந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எழுதினதுதானே? பரீட்சை பேப்பர் திருத்தறாப்பல உக்காந்துண்டிருக்கேள். எத்தனை மார்க்?"

"இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை."

"அடடா, கஷ்டம்தான்," என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

புதன் மாலை கிடைத்தது. சேமிப்பு வட்டை இணைக்கும் பக்கத்தில் ஐந்தாவது கட்டளை ஓடவில்லை. புதிய பதிப்பில் அந்த வழியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. மறுப்பு மடலை எழுதத் தொடங்கினேன். ஓட்டிப் பார்க்காமல் எழுதுபவரிடம் தலைமையைக் கொடுக்கலாமா என்பது வரை வந்துவிட்டேன். அவள் அதை என்று சேர்த்தாள் என்பதையும் எழுதிவிடலாம் என்று மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தேன்.

அங்கே அவளுடைய குறிப்பு இருந்தது. சோதித்துப் பார்க்கத் தன்னிடம் தனி வட்டு இல்லை என்பதால் அந்தக் கட்டளையை நிறுவல் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்திருப்பதாகவும், அங்கே போன வாரம்தான் சரிபார்த்ததாகத் தேதி இருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

நிறுவல் பக்கம் என்னுடையது. பக்கத்தின் அடியில் சரிபார்த்த தேதியைப் போடுவது எங்கள் குழுவில் நான் ஒருவன்தான். அந்த வாரம், புதிய பதிப்பு வந்துவிட்ட பிறகும், எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, கட்டளைகளை ஓட்டாமலே தேதியை மாற்றியிருந்தேன். அவளுடைய மாற்றத்தைப் பரிசீலித்து ஒப்புதல் கொடுத்ததும் நான்தான்.

மடலை அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

வியாழன் காலை பத்தரைக்கு அவளே அழைத்தாள்.

"சேட்டா, மூணு நாளா குரூப்ல ஒண்ணும் பேசக் காணோமே. பிணக்கமா? உங்களுக்கு வேணும்னா நான் மாறிக்கிடுதேன், கேட்டோ. சீனியர் நீங்கல்லே."

வேண்டும் என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாளைக்கே வேறு யாராவது அந்த வரலாற்றைத் திறந்து பார்க்கலாம். நல்ல குணத்தால் அல்ல, அந்தப் பயத்தால்தான் வேறொன்றைச் சொன்னேன்.

"உன் வட்டுப் பக்கத்துல அஞ்சாவது கமாண்ட் ஓடலை."

"ஐயோ! நான் செக் பண்ணாமப் போட்டேனே!"

அப்படியே விட்டிருக்கலாம். "தப்பு என்னோடது," என்றேன். "ஓட்டிப் பாக்காமத் தேதி போட்டுட்டேன்."

"சாரமில்ல சேட்டா, விடுங்க. இப்பவே சரியாக்கிடலாம். தலைமை விஷயம்?"

"நீயே இரு."

பதினொன்று ஆவதற்குள் இரண்டு பக்கங்களும் திருத்தப்பட்டு என் ஒப்புதலுக்கு வந்தன. என் பக்கத்தையாவது எனக்கு விட்டு வைத்திருக்கலாம். ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் ஓடின. ஒப்புதல் கொடுத்தேன்.

பதினொன்று பத்து வரை மடல் குழுவில் யாரும் மறுக்கவில்லை. உடனே வாழ்த்துகள் வரத் தொடங்கின. என் வாழ்த்தை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். இரண்டு பேர் அனுப்பும் வரை பார்த்துவிட்டு, மூன்றாவதாக அனுப்பினேன்.