கையில் நின்ற கரண்டி

வீட்டுக்கு அருகே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த கலைவாணனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விரல்கள் சரியாக மடங்காமல் போயின. மனைவி கார்குழலி லாஸ்பேட்டை வீட்டிலேயே காய்ந்த பூக்களை கண்ணாடிபோல் இறுகும் எபாக்சி ரெசின் பசையில் பதித்துத் தட்டுகள் செய்து விற்றுவந்தாள். சும்மா இருக்க முடியாமல் அவரும் கூட உட்கார்ந்தார்.

முதலில் ரெசினைப் பரப்பப் பிரஷ் கொடுத்தாள். அதன் முடி உதிர்ந்து ரெசினில் ஒட்டிக்கொண்டது. அடுத்துக் கொடுத்த ஐஸ் குச்சியோ விரலிடுக்கில் நிற்காமல் நழுவியது.

"எனக்கு வராது, வுட்டுடு" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் ரெசின் ஒட்டாத, தட்டையான சிலிகான் கரண்டி ஒன்றை வாங்கிவந்தாள். அதன் மெல்லிய காம்பில் துணியைச் சுற்றி, அவருடைய ஸ்கூட்டருக்கென்று வாங்கி மாட்டாமலே கிடந்த ரப்பர் கைப்பிடியைச் செருகினாள்.

"இப்போ புடிச்சிப் பாருங்க."

பிடித்தார். நழுவவில்லை. சாமந்தி இதழ்கள் மேல் ரெசினை மெதுவாக இழுத்துப் பரப்பினார். இறுகுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று அவள்தான் பதறினாள். அவர் நிதானமாக முடித்தார்.

அடுத்த நாள் தட்டைத் தடவிப் பார்த்து, "இந்த மூலை மேடா இருக்கு, தேய்ச்சிட்டுக் குடு. வாங்கறவங்க குறை சொல்லுவாங்க" என்றார்.

"இது விக்கறதுக்கு இல்ல" என்றாள். அன்று மாலை அந்தத் தட்டில்தான் இருவருக்கும் காபி வந்தது.