ஹட்டனில் ஒரு காய்ந்த சட்டை

ஹட்டனில் மழை பெய்கிறது என்று ஆச்சரியமாகச் சொல்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். எங்களுக்கு ஆனி ஆடியில் மழை வீட்டு ஆள் மாதிரி. எழுந்தாலும் இருக்கும், படுத்தாலும் இருக்கும். அந்த ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நானும் என் வீட்டுக்காரரும் விற்பனைப் பிரதிநிதிகள் தங்குவதற்கு ஒரு விடுதி நடத்தினோம். இதைக் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

குளிக்கிற சவர்க்காரம், பிஸ்கட், மருந்து, துணி என்று எதையாவது பெட்டியில் தூக்கிக்கொண்டு அந்த ஆட்கள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார்கள். பகலெல்லாம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம் நனைந்த கோழியாக ஹட்டனுக்குத் திரும்புவார்கள். அவர்கள் தலை சாய்க்க ஊரில் மூன்று இடங்கள் இருந்தன.

முதலாவது, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கொழும்புக் கம்பெனியின் ஹோட்டல். அவர்களுக்குக் கண்டியிலும் பதுளையிலும் கிளைகள் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அதே ஸ்பிரிங் கட்டில், அதே பச்சைத் திரைச்சீலை, அதே கட்லட். கட்லட்டின் மேல் வைக்கும் தக்காளித் துண்டுகூட ஒரே கனம் என்று எங்களிடம் வழக்கமாகத் தங்கும் பிஸ்கட் கம்பெனிக்காரர் சத்தியம் செய்வார். எல்லா ஊருக்கும் ஒரே சட்டம் என்பதால் எங்கள் ஊர்க் கிளையிலும் அறைக்கு ஒரு மின்விசிறி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் விளக்குகிற ஊரில் மின்விசிறி! அதைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் தேநீர் குடிக்கும் சாக்கில் போனேன். டை கட்டிய மேனேஜர் பெருமையோடு அதைச் சுழலவிட்டுக் காட்டினார். எனக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சைவ ஹோட்டல். அவர்களுக்கும் இரண்டு மூன்று ஊர்களில் கிளை. சாப்பாட்டைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர்கள் சாம்பாரை நானே தூக்குவாளியில் வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் படுக்கைகள் எல்லாம் ஒரே கூடத்தில். விடிவதற்கு முன்பே மாவாட்டத் தொடங்கிவிடுவார்கள். சுவர் முழுக்கப் பலகைகள். சத்தம் போடாதே, துப்பாதே, ஜன்னலில் துணி காயப்போடாதே.

மூன்றாவது எங்களுடையது. ஜவுளிக்கடைக்கு மேலே, நாலு அறை, ஒரு குளியலறை. ஸ்பிரிங் கட்டில் கிடையாது. மெத்தைகள் நானே தைத்தவை. இதில் தங்குவதற்கு ஏன் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள் என்றால், அதற்கு நான்தான் காரணம். அடக்கம் எல்லாம் எனக்கு வராது.

கல்யாணத்துக்கு முன் நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் தூளிலிருந்து குச்சி பொறுக்கியவள். அங்கே மேல்மாடியில், பறித்துவந்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். கீழே அடுப்பிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று அந்தச் சாக்குக்குள் புகுந்து புகுந்து போகும். வெளியே எத்தனை மழை கொட்டினாலும் சாயங்காலம் போட்ட பச்சைக் கொழுந்து விடிகாலையில் துவண்டு கிடக்கும். எங்கள் விடுதியில் கீழ்ச் சமையலறையின் புகைக்கூடு மேலே ஒரு சின்ன அறையின் சுவருக்குள் ஓடியதைப் பார்த்த அன்றே எனக்குப் பொறி தட்டியது. அந்த அறையில் மூங்கில் சட்டங்களை அடித்து, சாக்கை இழுத்துக் கட்டி, அடுக்கடுக்காகத் தட்டுகள் போட்டேன். கவ்வாத்து வெட்டிய மலைகளிலிருந்து வரும் தேயிலைக் கிளை விறகை மிலாறு என்போம். அது நின்று எரியும். அந்த அடுப்பை அணையவே விடமாட்டேன். சாயங்காலம் தட்டில் விரித்த ஈரச் சட்டை காலையில் மொறுமொறுவென்று இருக்கும்.

மலைநாட்டில் விற்க வருகிறவனுக்குக் காய்ந்த சட்டையைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஈரத்தில் ஒட்டிய, கசங்கிய சட்டையோடு போனால் தோட்டத்து ஆபீஸ் வாசலிலேயே கிளாக்கரையா நிறுத்திவிடுவார். துரை முகத்தைப் பார்க்கவே முடியாது. எங்கள் ஆட்கள் அதை அறிவார்கள். இரண்டாவது காரியம், வாசலில் உப்புத் தண்ணீர்ப் பேசின். தோட்டப் புல்லில் நடந்தவன் காலில் ரத்தம் குடிக்கும் அட்டை இல்லாமல் வந்தால்தான் அதிசயம். காலைக் கழுவிக் காட்டாமல் யாரும் என் படியேற முடியாது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஆனி மாதம், கீழே ஜவுளிக்கடை நடத்திய முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், மேலே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கட்டடம் அவருடையது.

“தங்கச்சி, கோபிச்சிக்க வேணாம். ஸ்டேஷன் ஹோட்டல்காரங்க இந்த மேல்மாடியக் கேக்குறாங்க. ஒங்களுக்குத் தெரியும், அவங்க பெரிய கம்பெனி.”

தோட்டத்தை விட்டு வந்த வாரமே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கிருந்த காம்பரா அறையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த மேல்மாடி போனால் எங்களுக்குப் போக இடமே இல்லை.

நானா நல்ல மனுஷர். அவரும் தலையைக் குனிந்துகொண்டே மீதியைச் சொன்னார். “சவர்க்காரக் கம்பெனிப் பெரியவர் ஒருத்தர் கொழும்புல இருந்து வாராராம். அவங்கட ஆளுகள் எல்லாரையும் வருசம் பூரா ஒரே எடத்துல தங்க வைக்கப் போறாராம். மூணு எடத்துலயும் ஒவ்வொரு நாள் இருந்து பாப்பாராம். அவர் ஒங்கட பக்கம் வந்துட்டா எனக்கும் வாடகை நிலைச்சு வரும், நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். இல்லாட்டி நானும் என்ன செய்யிற?”

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பேய் பிடித்தது. அவர் முன்பு துரை பங்களாவில் மேசை வேலை பார்த்தவர். பெரிய மனிதர் என்றால் சூப், பெரிய மனிதர் என்றால் மணி, பெரிய மனிதர் என்றால் மடித்த துணி என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. எங்கிருந்தோ ஒரு வெண்கல மணி வாங்கி வந்தார். திரைச்சீலை தைக்கச் சொன்னார்; தைத்தேன். அதுவரை பொறுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். “புள்ள, அடுப்ப அணைச்சிரு. பெரியவரு வாற நேரம் பொக வாட அடிக்கக் கூடாது. அந்தச் சாக்கு ரூமையும் அலமாரிய வச்சு மறைச்சிடுவோம். பாத்தா லயம் மாதிரி இருக்கு.”

“லயத்துல பொறந்தவதான நானு? என்னையும் அலமாரிக்குப் பின்னாடி வச்சு மறைச்சிருங்க,” என்றேன். சட்டிபானை எல்லாம் சத்தம் போட்டன. நானாகூடக் கீழேயிருந்து வந்து, “ஒரு ராத்திரிதானே தங்கச்சி,” என்று அவர் பக்கம் பேசினார். இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து என் அடுப்பை அணைத்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் சூப் கொதித்தது. வாசலில் இருந்த பேசினும் மறைவாக ஒரு மூலைக்குப் போனது. ஆனால் ஒரு கட்டு மிலாறை நனையாமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது.

சவர்க்காரப் பெரியவர் மற்ற இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உயரமான ஆள், நல்ல கோட்டு. அன்று கொட்டகலைத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு வந்ததால் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மணியை அடித்தார். அதற்குள் என் கண் பெரியவருடைய காலுறைக்குப் போய்விட்டது. சிவப்பாக ஒரு வட்டம்.

“ஐயா, ஒங்க கால்ல அட்ட,” என்றேன்.

மனிதர் துள்ளிய துள்ளல் இருக்கிறதே! நான் ஓடிப்போய் ஒளித்துவைத்த பேசினை உப்புத் தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தேன். அவர் காலை அதில் விட்டுக்கொண்டு, “நேற்றைக்கு முதல்நாளும் இதுதான் நடந்தது அம்மா,” என்றார். “ஸ்டேசன் ஹோட்டலில விரிப்பில ரத்தம் பட்டிட்டுதெண்டு அந்த மனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கொலை செய்தவனைப் பார்க்கிற மாதிரி.”

என் வீட்டுக்காரர் அவரை மேசைக்கு அழைத்துப்போய் சூப்பை வைத்தார். பெரியவர் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து மூன்று வாய் குடித்தார். நாலாவதில் சூப்புக்குள்ளேயே தும்மினார்.

அந்த நேரம் பார்த்துப் படியில் தடதடவென்று சத்தம். எங்கள் வாடிக்கை ஆட்கள், பிஸ்கட் கம்பெனிக்காரரும் மருந்துக் கம்பெனிக்காரரும். வழக்கம்போலக் காலைக் கழுவி, சட்டையைக் கழற்றிக்கொண்டே நேராகச் சாக்கு அறைக்குப் போனவர்கள் அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா! எங்க ரூமுக்கு என்னா ஆச்சு?” என்று பிஸ்கட்காரர் கத்தினார். “நாளைக்கு நான் துரையப் பாக்கணும். இந்தச் சட்டையோட எப்படிப் போறது?”

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே அவரைக் கெஞ்சினார். பிஸ்கட்காரர் கண்ணைப் பார்க்கிற ஆளில்லை. மருந்துக்காரரோடு சேர்ந்து அலமாரியை ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு திறந்தது. சாக்குத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பெரியவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார்.

“இதென்ன?”

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். “தொழிற்சாலையில கொழுந்து வாட்டுற மாதிரி, நாங்க இங்க சட்ட வாட்டுறோம்ங்க. ஒங்களுக்காகத்தான் இன்னைக்கு அடுப்ப அணைச்சு வச்சிருக்கோம்.”

“எனக்காகவோ? மூண்டு நாளா ஒரு காய்ஞ்ச துணிக்கு நான் அலையிறன். அந்த ஹோட்டலில ராத்திரி முழுக்க விசிறியைப் போட்டுப் பார்த்தன். சட்டையும் காயேல்லை, எனக்குத் தடிமன் பிடிச்சதுதான் மிச்சம். மற்ற இடத்தில ஜன்னலில போடக்கூடாது எண்டு பலகை. கொளுத்துங்கோ அம்மா, கொளுத்துங்கோ!”

கட்டிலுக்கடியில் கிடந்த மிலாறு எடுத்த எடுப்பிலேயே பற்றிக்கொண்டது. சுவர் மெல்லச் சூடேறியது. பெரியவர் முதலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அப்புறம் சட்டையை. அப்புறம் காலுறை, சப்பாத்து, தொப்பி. கடைசியில் சவர்க்கார மாதிரிகள் வைத்திருந்த பெட்டியையே தூக்கிக் கொடுத்தார். அதற்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. என் வீட்டுக்காரரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மற்றவர்களோடு அந்தச் சூடான சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். முதலாளி யார், ஆள் யார் என்று தெரியவில்லை.

அவர்கள் பேச்சும் வழக்கம்போல நடந்தது. எந்தத் தோட்டத்தில் புதுத் துரை வந்திருக்கிறார், எந்தக் கிளாக்கரையாவிடம் காலையில் போகவே கூடாது என்றெல்லாம். “காலையில நீங்க எந்தப் பக்கங்க?” என்று மருந்துக்காரர் கேட்டார். பூண்டுலோயா என்றார் பெரியவர். “போயிராதீங்க. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. ரயில்ல நானுஓயாவுல எறங்கி மொதல்ல நுவரெலியா வேலைய முடிச்சிருங்க.” பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் கதையெல்லாம் மற்ற ரெண்டு இடத்திலயும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார். என் வீட்டுக்காரர் மணியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்ததை நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளையைப் போல அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “கொஞ்சம் புகை மணக்குது,” என்றார். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். “மணக்கட்டும். காய்ஞ்சிருக்கு,” என்று சொல்லிக் கையை நுழைத்தார்.

கீழே இறங்கியவர் ஜவுளிக்கடை வாசலில் நின்று, ஊருக்கே கேட்கிற குரலில் நானாவிடம் சொன்னார். “எங்கட ஆக்கள் இனி இஞ்சதான் தங்குவினம். மேல்மாடியை வேற ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ.” நானா பலமாகச் சிரித்தார். நான் மேலே ஜன்னலில் நின்று அழுதேன். சந்தோஷத்திலும் ஆட்கள் அழுவார்கள் என்பதை நான் அதுவரை நம்பியதே இல்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, “அடுப்புல வெறகு இருக்கா?” என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் தோற்றதை ஒப்புக்கொள்வது அப்படித்தான்.

அடுத்த வருஷம் ஆடி மாதம், மழை வானத்தைக் கிழித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் படியில் யாரோ தயங்கித் தயங்கி ஏறும் சத்தம் கேட்டது. ஸ்டேஷன் ஹோட்டல் மேனேஜர். அதே டை. ஒரு கையில் குடை, மறு கையில் பிரம்புக் கூடை நிறைய ஈரச் சட்டைகள்.

“எங்ககிட்ட தங்கியிருக்கவங்களோடதும்மா,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “காலையில எல்லாரும் துரைமாரப் பாக்கப் போகணுமாம். கொஞ்சம் காய வச்சுத் தர முடியுமா?”

கொழும்பிலும் கண்டியிலும் பதுளையிலும் கிளை உள்ள கம்பெனி, மின்விசிறிகளோடு என் படியில் வந்து நின்றது. நான் அவசரப்படவில்லை. பேசினை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

“தாராளமா காய வைக்கலாம். மொதல்ல காலக் காட்டுங்க.”