அன்னத்தின் கழுத்து

ஜவ்வாது மலையில் ஒரு பாறைக் குகைக்குள் சமண முனிவர் காலத்து ஓவியங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் பார்க்கப் போனேன். வழிகாட்ட வந்தவர் என் வயதுள்ள ஒரு சாமை விவசாயி.

"சாயங்காலமா போலாம் சார், அப்பதான் நல்லா தெரியும்" என்றார்.

நாலு மணிக்குக் கடைசி பஸ். "இப்பவே பாக்கணும்" என்று எரிந்து விழுந்தேன்.

உள்ளே கும்மிருட்டு. அவர் தடுக்கத் தடுக்க, காய்ந்த புல்லைச் சுருட்டிக் கொளுத்திக் கூரைவரை தூக்கிப் பிடித்தேன். ஒரு தாமரை இதழ் தெரிந்தது. அதற்குள் புகை வெளியே போய், குகை வாசலில் தொங்கிய மலைத்தேன் கூட்டைக் கிளப்பிவிட்டது.

அவர் தீயை மிதித்து அணைத்தார். என்னைத் தரையில் தள்ளி, தன் கம்பளியால் இருவரையும் மூடினார். "அசையாதீங்க சார். ஒண்ணு கொட்டிச்சின்னா அத்தினியும் வந்துடும்."

மூச்சு முட்டியது. வாசலில் ரீங்காரம் குறையவே இல்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தது, பிறகு போய்விட்டது. எனக்கு வந்த கோபமெல்லாம், வெட்கமில்லாமல், அவர் மேல்தான் வந்தது.

பொழுது சாயும்போது சத்தம் அடங்கியது. கம்பளியை விலக்கினேன். இறங்கு வெயில் நேராகக் குகைக்குள் பாய்ந்திருந்தது. கூரை முழுக்கத் தாமரைக் குளம், மீன்கள், அன்னங்கள். ஓர் அன்னத்துக்கு மட்டும் கழுத்தைக் காணோம். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுக் கரி.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்தாச்சா சார்?" என்றார்.